பல் தெரியச் சிரித்தல்

"பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு." இந்தப் பழமொழியைக் காதில் வாங்காமல் வளர்ந்த பெண் நம்மில் யாரும் இருக்க முடியாது. கட்டைப் பிரித்துவிட்டால் புகையிலையின் காரம் போய்விடுமாம். வாய்விட்டுச் சிரித்துவிட்டால் பெண்ணின் மானம் போய்விடுமாம். இரண்டையும் மூடி வைக்க வேண்டும் என்பது கருத்து.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த பெண்களிடம் இந்தப் பழமொழி வேறு ஒரு விதத்தில் பலித்தது. மூடி வைக்கச் சொன்ன சிரிப்பும் புகையிலையும் அங்கே ஒரே வாய்க்குள் இருந்தன. புகையிலை பல்லைக் கறையாக்கியது. கறைப் பல் சிரிப்பை மூடியது.

இன்று ஊட்டி சேரிங்கிராஸிலிருந்து கமர்ஷியல் சாலை வழியாக நடந்தால் பல் மருத்துவமனைப் பலகைகளைப் பார்க்கலாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் உண்டு. கிளிப், பல் வெண்மையாக்கல், வெனீர், ஸ்மைல் டிசைன் என்று பட்டியல் போட்டு, பக்கத்தில் பளீரென்று சிரிக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டிருப்பார்கள். அழகான சிரிப்பு தன்னம்பிக்கையைத் தரும் என்பது எல்லாப் பலகைகளும் சொல்லும் செய்தி.

பாட்டிக்குச் சொன்னது "பல்லக் காட்டாத." பேத்திக்குச் சொல்வது "பல்லக் காட்டு, அதுவும் வெள்ளையா வரிசையா காட்டு." மூன்று தலைமுறைக்குள் கட்டளை தலைகீழாக மாறிவிட்டது. கட்டளை போடுகிறவர்கள் மாறினார்களா என்பதுதான் என் கேள்வி. நான் இந்த மலையில், இலங்கையிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இரண்டு காரணங்களுக்காகவும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சிரிப்புக்கும் உண்டு வரலாறு

சிரிப்பு இயற்கையானது, அதற்கு என்ன வரலாறு என்று தோன்றலாம். தமிழிலேயே தொடங்குவோம். 'முறுவல்' என்றால் புன்னகை; பழைய தமிழில் பல் என்றும் பொருள். 'மூரல்' என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. 'நகை' என்றால் சிரிப்பு, அணிகலனும் அதுவே. பெண்ணின் பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டுப் பாடியது நம் இலக்கியம். பாட்டில் பல் தெரியலாம். வீட்டுத் திண்ணையில் தெரியக் கூடாது. 'பல்லிளித்தாள்' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது வசவு. பாரதப் போருக்கே திரௌபதியின் சிரிப்புதான் காரணம் என்று ஊர்ப்பேச்சில் சொல்லி வந்திருக்கிறோம். சூதாடியவர்கள் ஆண்கள், பழி ஒரு பெண்ணின் சிரிப்புக்கு.

மற்ற நாடுகளிலும் கதை இப்படித்தான். 1787இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் எலிசபெத் விஜே லெ ப்ருன் என்ற பெண் ஓவியர் மகளை அணைத்தபடி இருக்கும் தன் உருவத்தை வரைந்து வைத்தார். உதடு சற்றே விலகி வெள்ளைப் பல் தெரிகிறது. அவ்வளவுதான். மரியாதைப்பட்ட பெண்ணின் படத்தில் பல் தெரியலாமா என்று முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை ஐரோப்பிய ஓவியங்களில் பல் தெரியச் சிரித்தவர்கள் பெரும்பாலும் குடிகாரர்கள், பைத்தியங்கள், ஏழைகள். அதற்குள் பாரிஸில் பல் மருத்துவம் ஒரு தொழிலாக வளர்ந்திருந்தது. பியேர் ஃபொஷார் பல் மருத்துவம் பற்றிய தன் பெரிய நூலை 1728இலேயே வெளியிட்டிருந்தார். பல்லைக் காப்பாற்றிக்கொள்ள வசதி வந்த பிறகுதான் பல் தெரியும் சிரிப்புக்கு மதிப்பு வந்தது என்று வரலாற்றாசிரியர் கோலின் ஜோன்ஸ் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

வெள்ளைப் பல்தான் அழகு என்பதும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதி இல்லை. ஜப்பானில் மணமான பெண்களும் மேல்தட்டுப் பெண்களும் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது நூற்றாண்டுகளாக அழகின் இலக்கணமாக இருந்தது. 1873இல் பேரரசி கறுப்புப் பூசாத பல்லோடு பொதுவெளிக்கு வந்தார். வழக்கம் மெல்லத் தேய்ந்தது. வட இந்தியாவில் 'மிஸ்ஸி' என்ற கறுப்புப் பொடியைப் பெண்கள் பல்லிலும் ஈறிலும் தேய்த்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் வெற்றிலை போட்டுச் சிவந்த வாய் அழகென்று கருதப்பட்டது. எந்த நிறப் பல் அழகு என்பதை அந்தந்தக் காலத்தில் மேலே இருந்தவர்களின் வாய்தான் முடிவு செய்தது.

அளக்கப்பட்ட முகங்கள்

ஜப்பானியப் பேரரசி வெள்ளைப் பல்லோடு வெளியே வந்த அதே 1873இல், நீலகிரி மக்களின் புகைப்படங்கள் கொண்ட ஒரு பெரிய நூல் லண்டனில் வெளியானது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தொகுத்தது. 1872இல் அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி வெளிக்கொண்டுவந்தார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் முகங்கள் அதில் இருக்கின்றன. பல் தெரியச் சிரிக்கும் பெண்ணை அந்தப் பக்கங்களில் தேடிப் பயனில்லை. அந்தக் காலக் கேமராவுக்கு முன்னால் சில நொடிகள் ஆடாமல் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். அப்போது ஐரோப்பியச் சீமான்களும் படத்தில் சிரிக்கவில்லை. ஆனால் சீமான் தன் படத்துக்குத் தானே காசு கொடுத்தான், தானே வீட்டுச் சுவரில் மாட்டினான். இந்தப் பெண்களின் படம் அவர்களுக்காக எடுக்கப்பட்டதில்லை. 'இவர்கள் இப்படி இருப்பார்கள்' என்று வேறு யாருக்கோ காட்ட எடுத்தது.

பிறகு எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், நீலகிரிக்கும் அளவுகோலோடு வந்து மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளியாயின. ஒருவரின் முகத்தை நீளம், அகலம் என்று எண்ணாக மாற்றி அவரைத் தரம் பிரிக்கலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. இன்றைய ஸ்மைல் டிசைன் மென்பொருளில் பல்லுக்குப் பல் விகிதம் பார்த்து, ஈறு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கோடு போடுவதைப் பார்க்கும்போது எனக்குத் தர்ஸ்டன் நினைவு வருகிறார். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. இங்கே பெண் தானே விரும்பிப் போய் உட்காருகிறாள். ஆனால் அவள் முகத்தை அளக்கும் கோலை அவள் செய்யவில்லை.

பொட்டலத்தில் சிரிக்கும் பெண்

நீலகிரியில் 1830களில் கேத்தியில் சோதனையாகத் தேயிலை நட்டார்கள். 1860களில் அது வணிகப் பயிரானது. காப்பியும் தேயிலையும் சிங்கோனாவும் மலையை மாற்ற, சமவெளியிலிருந்து கூலிகளாகக் குடும்பங்கள் வந்தன. கொழுந்து பறிக்கும் வேலை பெண்களிடம் வந்து சேர்ந்தது. மெல்லிய விரல், பொறுமை என்று காரணம் சொன்னார்கள். குறைந்த கூலி என்ற காரணத்தைச் சொல்லாமல் விட்டார்கள்.

இந்தப் பெண்ணின் சிரிப்பு உலகச் சந்தைக்குப் போன கதை இலங்கையில் தொடங்குகிறது. தாமஸ் லிப்டன் 1890இல் அங்கே தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம் அந்த விளம்பரங்களில் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தேயிலை டப்பா, சுற்றுலாச் சுவரொட்டி, நாட்காட்டி எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். வண்ணச் சேலை, இரண்டு இலை ஒரு மொட்டைப் பிடித்த விரல், முத்துப் பல் சிரிப்பு. வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த பியா சட்டர்ஜி 2001இல் வெளியான தன் நூலில், இந்தச் சிரிக்கும் உருவம் அதன் பின்னால் இருக்கும் உழைப்பை எப்படி மறைக்கிறது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்த பெண்கள் அப்படி இருக்கவில்லை. தலையில் துணி, அதன் மேல் கூடைக் கயிறு அல்லது சாக்கு, இடுப்பில் செடியின் ஈரம் படாமல் கட்டிய படங்கு, காலில் அட்டைக்கடி. வாயில் வெற்றிலை. சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தி "சிரிங்கம்மா" என்பார்கள். சிரித்தால் காவிப் பல் தெரியும். அந்தப் படத்தை அவர்கள் வைத்துக்கொள்வார்களா, அழித்துவிடுவார்களா என்று எங்கள் பெண்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் உதட்டை மூடியபடி நிற்பார்கள், அல்லது முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

மூடிய உதட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வரிசையில் நின்று சிரித்துப் பேசினால் "என்ன பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற?" என்று மேஸ்திரியின் அதட்டல் வரும். அதே மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வான். பெண்ணுக்கு இறுகிய முகம் ஒரு பாதுகாப்பு. 'அவ சிரிக்கவே மாட்டா' என்பது லயன்களில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நற்சான்றிதழ்.

வெற்றிலை வாயின் கணக்கு

1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948இன் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று அறியப்படுவது அதுதான்.

அம்மா 17 வயதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சேரம்பாடிக்கு வந்தவர். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க.' அவருடைய பாஸ்போர்ட் படம் வீட்டில் இருக்கிறது. அதில் உதடு இறுக மூடியிருக்கிறது. அந்த வயதில் அவருக்குப் பல்லில் கறை இல்லை. இந்த மலையில் வேலைக்குப் போன பிறகுதான் வெற்றிலை பிடித்தது.

ஏன் போடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "குளிருக்குத்தான். பசிக்கும்தான். ரெண்டு கையும் செடியில கெடக்கு, வாயிக்கு வேற என்ன வேல?" என்றார். கொட்டைப்பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள் உடம்பைச் சூடாக்கும், சோர்வைத் தள்ளிப்போடும், பசியை மட்டுப்படுத்தும். விடியற்காலை ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு மலையேறியவருக்கு மதியம் நிறுவை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆண் பீடி பிடித்தான். பெண் பீடி பிடித்தால் ஊர் பேசும், வெற்றிலை போட்டால் பேசாது. பல் வலிக்கும் புகையிலையைத்தான் அதக்கினார்கள். வலிக்கிற பல்லுக்கு வேறு வைத்தியம் பக்கத்தில் இல்லை. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதன் பிரிவு 10 'மருத்துவ வசதி' என்று பொதுவாகச் சொல்லி, மீதியை மாநில விதிகளுக்கு விட்டது. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மாத்திரை இருந்தது, பல் நாற்காலி இருக்கவில்லை. கூடலூருக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். அதனால் பல் தானாக ஆடி விழும்வரை காத்திருந்தார்கள். தேத்தண்ணியில் கொட்டிய சர்க்கரை மிச்ச வேலையைப் பார்த்தது.

இந்த வாய்களைப் பற்றிய அறிவியலும் இதே மலையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு, பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசனுக்குப் பிறகு பொறுப்பேற்ற அய்க்ராய்ட், கிருஷ்ணன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1930களில் தென்னிந்திய ஏழைகளின் வாய்ப்புண்ணைப் பற்றி எழுதினார். அரிசியை மட்டும் நம்பிய வயிறுகளில் உயிர்ச்சத்து பி தொகுதி குறைந்து, நாக்கு புண்ணாகி, கடைவாய் வெடித்துப்போகிறது என்று காட்டினார்கள். கடைவாய் வெடித்தவருக்குச் சிரித்தால் வலிக்கும். கூச்சம் என்று நாம் எழுதிவைத்த சில முகங்களில் இருந்தது வெறும் உணவுக்குறைவு.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு நோயை விவரித்தார். உள்சதை வெளுத்து நாராகி இறுகுகிறது. வாய் திறக்கும் அளவு நாளுக்கு நாள் குறைகிறது. காரணம் தெரியாதது என்று அந்த நோயின் பெயரிலேயே சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் இதே நோயை விவரித்தார். இதற்கு முக்கியக் காரணம் பாக்கு என்பது இன்று உறுதியாகியிருக்கிறது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. எங்கள் லயனில் ஒரு பாட்டி இருந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் வாயில் இரண்டு விரல் நுழையாது. கஞ்சியைத்தான் உறிஞ்சினார். சிரிக்காதே என்று அவரிடம் அப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே கறைப் பல்லைப் பார்த்து 'சுத்தம் பத்தாது' என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இது: அந்தக் கறை ஒரு கூலிச்சீட்டு. எத்தனை மணி நேரம் பசியோடு நின்றாள், எத்தனை கிலோ பறித்தாள், மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

சிரிப்பே வேலையான தலைமுறை

லயனில் பிறந்த பெண்கள் படித்தார்கள். கொழுந்துக் கூடையை எடுக்கவில்லை. குன்னூர், ஊட்டி விடுதிகளின் வரவேற்பு மேசை, கோவை ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை என்று போனார்கள். இந்த வேலைகள் எல்லாவற்றிலும் சிரிப்பு வேலையின் ஒரு பகுதி. 1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். மனது எப்படி இருந்தாலும் முகத்தில் மலர்ச்சியைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம், ஆனால் சம்பளச் சீட்டில் அதற்குத் தனி வரி கிடையாது.

விற்பனைக்கான இந்தச் சிரிப்பு சினிமாவில் பிறந்தது. ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் நடிகர்களின் பல் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஓடுகளைச் செய்து கொடுத்தார். மாலையில் கழற்றிவிட வேண்டும். அவை நிற்கும்படியான பசை அப்போது இல்லை. 1955இல் மைக்கேல் பியூனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பூச்சு பிடித்து நிற்கும் என்று கண்டுபிடித்தார். அதன் தொடர்ச்சிதான் இன்றைய வெனீர். நடிகைக்குக் கேமரா ஓடும்வரை தேவைப்பட்ட முகம், இன்று நம் பெண்களுக்கு நாள் முழுக்கத் தேவைப்படுகிறது. அந்தக் கேமரா இப்போது அவரவர் கையிலேயே இருக்கிறது.

என் அண்ணன் மகள் ஒரு விடுதிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எல்லாம் நன்றாகப் பேசினாள். கடைசியில் "பல்லைச் சரி பண்ணிக்கிட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. எங்கள் வீட்டில் அது அதிர்ஷ்டம். மாதத் தவணையில் கிளிப் போட்டுக்கொண்டாள். ஒன்றரை வருடம் தவணை கட்டினாள். எதற்கு இந்தச் செலவு, நம் அழகை நாம்தானே தீர்மானிக்க வேண்டும் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அத்தை, பாட்டி பல்லோட போனா எனக்கு இந்த வேலை குடுப்பாங்களா?"

கொடுக்கமாட்டார்கள். அவள் கணக்கு சரியானது. பல் வரிசை ஒரு தகுதிச் சான்றிதழாகிவிட்ட இடத்தில், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவளை அழகுக்கு அடிமையானவள் என்று பழிப்பது எளிது. அவளுக்கு வேறு வழி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதுதான் கடினம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று விளம்பரம் சொல்லும் இடத்தில் உண்மையில் வந்தது, மற்றவர்கள் அவளை நடத்தும் விதத்தில் ஒரு மாற்றம். அவள் பேச்சும் படிப்பும் முன்பும் அதேதான். வாசலில் நின்றவர்கள் இப்போது வழிவிட்டார்கள். குறை வாசலில் இருந்தது. அதற்கான தவணையை அவள் கட்டினாள்.

பல்லைப் பற்றி என்ன கேட்பது?

பல்லைச் சரி செய்வதே தேவையில்லாத ஆடம்பரம் என்று நான் சொல்லவரவில்லை. என் சின்னம்மாவுக்கு 50 வயதுக்குள் ஈறு கரைந்து முன்பல் நான்கும் விழுந்துவிட்டன. கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டார். மகளிர் குழுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைநாட்டு மட்டும் வைத்துவிட்டு வருவார். சில ஆண்டுகளுக்குப் பிறகு பல் செட் கட்டினார். அதன்பின் அவர் முதலில் செய்தது முறுக்கு தின்றது. இரண்டாவது, குழுவின் கணக்கில் வந்த குளறுபடியை எழுந்து நின்று கேட்டது. 'ச', 'த' எல்லாம் மறுபடி நாக்கில் ஒழுங்காக வந்தன. பல் என்பது சாப்பாடு, பல் என்பது பேச்சு. பேச முடிந்த பெண்ணுக்கு நம்பிக்கை வருவதில் வியப்பில்லை.

ஆகவே இரண்டைப் பிரித்துப் பார்ப்போம். வலி, சொத்தை, ஈறு நோய், விழுந்த பல், கடிக்க முடியாத அளவு கோணிய தாடை: இவற்றுக்கு வைத்தியம் உரிமை. ஆரோக்கியமான பல்லை இன்னொருவர் வைத்த அளவுக்கு மாற்றுவது வேறு. அது அவரவர் விருப்பம். ஆனால் விவரம் தெரிந்து செய்ய வேண்டும். வெனீருக்கு வழக்கமாகப் பல்லின் எனாமலை மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள். எனாமல் மறுபடி வளராது. ஓடு விழுந்தாலோ உடைந்தாலோ புதிது போட்டே ஆக வேண்டும், அதாவது செலவு வாழ்நாள் முழுக்க உண்டு. வெண்மையாக்கிய பிறகு சிலருக்குப் பல் கூச்சம் எடுக்கும், நிறமும் நிலைக்காது. பல்லின் இயல்பான நிறமே தூய வெள்ளை கிடையாது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் இளமஞ்சள். 'சுண்ணாம்பு வெள்ளை' விளம்பரத்தின் கண்டுபிடிப்பு.

தனிப்பட்ட குறையாகப் பார்த்த ஒன்றைப் பொதுப் பிரச்சினையாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அந்த ஊர்ப் பெண்களுக்கு வரன் பார்க்கும்போதே பல்லைப் பார்ப்பார்கள். அவர்களிடம் போய் ப்ளீச் செய்துகொள், தன்னம்பிக்கை வரும் என்று சொல்லியிருக்கலாம். மாறாக, குற்றவாளி தண்ணீர்தான் என்று ஏற்றுக்கொண்டு, காவிரியிலிருந்து ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தடுப்பும் இருக்கிறது. ஏற்கனவே விழுந்த கறையை அது போக்காது. அடுத்த தலைமுறைப் பெண்ணின் பல்லைக் காக்கும்.

நீலகிரித் தோட்டங்களுக்கும் இப்படி ஒரு பார்வை வேண்டும். தோட்ட மருத்துவமனைகளில் பல் மருத்துவர் வாரம் ஒருநாளாவது உட்கார வேண்டும், அவரைப் பார்க்கப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. வாய்ப்புற்று பரிசோதனை வயலுக்கு வர வேண்டும். வெற்றிலையை நிறுத்தச் சொல்கிறவர்கள், அது அடக்கிய பசிக்கு வேலை நேரத்தில் ஒரு வேளை உணவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல் செட் என்பது ஓய்வு பெறும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய நிலுவைகளில் ஒன்றாக எண்ணப்பட வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்களும் மகளிர் குழுக்களும் கேட்கலாம். கூலி உயர்வைக் கேட்ட அளவுக்கு நாம் பல்லைக் கேட்டதில்லை.

வகுப்பில் இதைப் பேசும்போது மாணவிகள் "அப்ப கிளிப் போடலாமா கூடாதா மேம்?" என்று நேராகக் கேட்கிறார்கள். போடுங்கள், தேவைப்பட்டால் தவணையிலும் போடுங்கள் என்கிறேன். கூடவே வீட்டில் அம்மாவின், பாட்டியின் பல்லைக் கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். எந்த வயதில் முதல் பல் போனது, யாரிடம் காட்டினார்கள், எதற்காக வெற்றிலை போட ஆரம்பித்தார்கள், யார் முன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் நாலைந்து பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். "பாட்டி இதுக்கெல்லாமா நோட்டு எடுக்கிறன்னு கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க மேம்" என்று போன ஆண்டு ஒருத்தி எழுதியிருந்தாள். வாயை மூடிக்கொண்டா, மூடாமலா என்று ஓரத்தில் கேட்டிருந்தேன். மூடாமல் என்று பதில் எழுதிக் கொடுத்தாள்.